உப்பு பார்க்காதவன்

மடைப்பள்ளியில் சமைக்கிறவன் ருசி பார்க்கக் கூடாது. இதைச் சொன்னால், பின்னாளில் நான் வேலைக்குப் போன ஆலையின் ஆட்கள் நம்பமாட்டார்கள். "அப்போ உப்பு சரியா கீதான்னு உனக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்பார்கள். தெரியாது, அதுதான் விஷயம். பெருமாளுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து, திரை போட்டு, மணி அடித்து, அவர் அமுது செய்தாகிவிட்டது என்று திரை விலகிய பிறகுதான் அது என் வாய்க்கு வரலாம். அதுவரை முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. அதற்காக மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டிக்கொண்டுதான் அடுப்பு முன்னால் நிற்பேன். உப்பெல்லாம் கையளவுதான். இத்தனை படி அரிசிக்கு இத்தனை கை என்று அப்பா வைத்துவிட்டுப் போன அளவு. இருபது வருஷம் அதை நான் மாற்றவில்லை. திரை விலகிய பிறகு ஒரு கவளம் வாயில் போட்டுக்கொள்ளும்போதும் உப்பு கூடவா குறைவா என்று நினைக்கத் தோன்றாது. அது பிரசாதம். சாப்பிட்ட கையைக்கூட அலம்பமாட்டோம், தலையில் தடவிக்கொள்வோம்.

திருவள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த பெரிய கோயில் அல்ல எங்களுடையது. அதிலிருந்து நாலு தெரு தள்ளி, ஒரே பிராகாரமும் ஒரு கிணறும் இருந்த சின்னக் கோயில். கிணற்றுத் தண்ணீர் கற்கண்டு மாதிரி இருக்கும். ஐம்பதுகளின் நடுவில் தொடங்கி இருபது வருஷம் நான் அங்கே பெருமாளுக்குச் சமையற்காரன். வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. கூடப் படித்தவர்கள் ரயில் ஏறி மெட்ராசுக்கு ஆபீஸ் போனபோது எனக்குப் பொறாமை வந்ததில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அவர்கள் யாரோ ஒரு மேனேஜருக்கு உழைத்தார்கள், நான் யாருக்கு உழைத்தேன் என்பது ஊருக்கே தெரியும்.

நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு நாள் காலையில் வலது கை மோதிர விரல் நுனியில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை தெரிந்தது. நெற்றிக்கு இட்டுக்கொண்ட திருமண் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துண்டால் துடைத்தேன். போகவில்லை. கல்லில் தேய்த்தேன். விரல் சிவந்ததே தவிர வெள்ளை போகவில்லை. ஆறு மாதத்தில் அது பக்கத்து விரலுக்குத் தாவியது. பிறகு உதட்டு ஓரம். டாக்டர் பார்த்துவிட்டு, "தோலில் நிறம் போகிறது, அவ்வளவுதான். யாருக்கும் தொற்றாது, வலிக்காது, பயப்படாதீர்கள்" என்றார். நான் பயப்பட்டது வலிக்கு இல்லை. அந்த வியாதிக்கு எங்கள் தெருவில் வேறு பெயர் உண்டு. குஷ்டம் என்ற சொல்லுக்கு முன்னால் வெள்ளையைச் சேர்த்துச் சொல்வார்கள். நான் கடந்து போன பிறகு சொல்வார்கள், ஆனால் காதில் விழுகிற தூரத்தில்தான் சொல்வார்கள்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊரே தோல் வியாதி தீரும் ஊர். அமாவாசை வந்தால் ஆந்திராவிலிருந்துகூட ஜனங்கள் வந்து பெரிய கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைவது போல மருவும் படையும் கரைந்துபோகும் என்று நம்பிக்கை. கரைந்துபோனவர்களை நானே பார்த்திருக்கிறேன். என் மனைவியும் ஒரு வருஷம், ஒரு அமாவாசை விடாமல், ஈரப் புடவையோடு குளத்துப் படியில் நின்று வெல்லம் கரைத்தாள். நான் பக்கத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெல்லம் கரைந்தது. என் கையில் வெளுப்பு மணிக்கட்டுக்கு ஏறியது. ஊர் ஜனமெல்லாம் குணமாகிப் போகிறது, தனக்கு இருபது வருஷம் சோறு போட்டவன் ஒருவனைப் பெருமாள் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அதை வெளியே சொல்ல முடியாததால் இன்னும் ஆத்திரமாக வந்தது.

கோயிலில் என்னை யாரும் திட்டவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்கள். நிர்வாகம் பார்த்த பெரியவர் என் கையைப் பார்க்காமல் தூணைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கோங்கோ. வர்றவா ரெண்டு பேர் கேட்டுட்டா. பெருமாள் ஏதோ நினைச்சிண்டுதான் பண்றார்" என்றார். அன்று சாயங்காலமே என் சித்தப்பா பிள்ளை மடைப்பள்ளிச் சாவியை வாங்கிக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. அளவெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டான். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்குள் எதுவும் மிச்சம் இல்லாதது போல இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் பார்த்தவர்களெல்லாம் அதே வார்த்தையைச் சொன்னார்கள். பெருமாள் ஏதோ நினைத்துத்தான் பண்ணுகிறார். சொன்னவர்களில் ஒருத்தருக்கும் விரல் வெளுக்கவில்லை. என் மனைவி மட்டும் அதை நம்பிச் சொன்னாள். "நமக்குன்னு எங்கேயோ ஒண்ணு வச்சிருப்பார், அதைக் காட்டத்தான் இதை எடுத்துண்டார்" என்பாள். அவளிடம் எதிர்த்துப் பேச மனம் வராது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, கல்யாணச் சமையலுக்கும் கூப்பிடாத ஒரு சமையற்காரனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அந்த நம்பிக்கையாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் சொன்ன அந்த 'எங்கேயோ' கும்மிடிப்பூண்டி என்று தெரிந்தது. கோயிலுக்கு வரும் ஒருவர் அங்கே புதிதாக வந்த ஆலை ஒன்றில் சூப்பர்வைசர். கான்டீனுக்குச் சைவச் சமையல் தெரிந்தவன் வேண்டும் என்றார். எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், ஒரு தகரப் பெட்டியோடு பாசஞ்சர் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறி, பொன்னேரி தாண்டிப் போய் இறங்கினேன். வயலுக்கு நடுவில் பாதி கட்டிய ஷெட்டுகள், செம்மண் ரோடு, தெலுங்கிலும் தமிழிலும் பலகைகள். கான்டீன் என்பது தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. பின்பக்கம் எனக்கு ஓர் அறை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போகலாம்.

கான்டீன் காண்ட்ராக்டர் ஆந்திர எல்லைப்புறத்து ஆள். என் கையைத் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வருஷத்தில் என்னைத் தொட்ட முதல் வெளி மனிதர் அவர்தான்.

"இது ஒட்டிக்குமா நைனா?"

"ஒட்டாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார்."

"சாம்பார் நல்லா வருமா?"

"வரும்."

"அப்போ இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற? உள்ள போ."

அவ்வளவுதான் இன்டர்வியூ. அங்கே எல்லோரும் என்னை 'ஐயரே' என்றார்கள். நான் ஐயங்கார் என்று ஒரு வாரம் திருத்திப் பார்த்தேன். பெரிய வித்தியாசமாக யாருக்கும் படவில்லை. ரசத்தைச் சாத்தமுது என்று வாய் தவறிச் சொன்னதற்கு இரண்டு நாள் சிரித்தார்கள். மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு சமைப்பதைப் பார்த்து, "ஐயருக்கு நம்ம நாத்தம் ஆவல போல" என்று ஒருத்தன் சொன்னான். அது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கட்டை நான் அவிழ்க்கவில்லை.

ஏன் அவிழ்க்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அண்டாவை இறக்கியதும் ஒரு தட்டால் மூடிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அதைப் பெருமாளுக்குச் சமர்ப்பிப்பேன். மணி கிடையாது, திரை கிடையாது. எனக்கு மட்டும் தெரியும். இருபது எண்ணுகிற நேரம். பிறகுதான் பரிமாறக் கொடுப்பேன். அவர் என்னை வெளியே அனுப்பியிருக்கலாம், ஆனால் என் கைச் சோற்றை இன்னும் சாப்பிடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான், யாரும் அதற்கு முன்னால் வாய் வைத்திருக்கக் கூடாது. எனக்கு மிச்சமிருந்தது அந்த இருபது எண்ணிக்கை மட்டும்தான்.

முதல் வாரம் பழைய சமையற்காரர் கூட இருந்தார், உப்பும் காரமும் அவரே பார்த்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை முழுப் பொறுப்பும் என்னுடையது. முந்நூறு பேருக்குச் சாம்பார். படிக்கு இத்தனை கை என்று பெருக்கிப் போட்டேன். பருப்பு வேகவே நேரம் பிடித்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். குடிக்கிற தண்ணீர் அங்கே லாரியில் வரும், சமையலுக்கு மட்டும் பம்புத் தண்ணீர். கடல் பக்கம் என்பதால் பம்புத் தண்ணீர் அப்படியே கரிக்கும். பழைய ஆள் அதற்குத் தகுந்தபடி உப்பைப் பாதியாக்கியிருந்தார். அந்தத் தண்ணீரை நான் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. எங்கள் கோயில் கிணற்றுக்கு வைத்த அளவை அந்தத் தண்ணீரில் கொட்டிவிட்டேன். எந்த ஊர் சமையற்காரனும் செய்யாத தப்பு. கரண்டியை ஒரு முறை நக்கிப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும்.

மதியச் சங்கு ஊதியது. முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் ஒரு வாய் வைத்தார்கள், அப்படியே தட்டில் துப்பினார்கள். சத்தம் போடவில்லை. களைத்துப்போய் வந்தவர்களுக்குச் சத்தம் போடவும் தெம்பு இல்லை. "இன்னா ஐயரே, கடல வடிகட்டி ஊத்திட்டியா?" என்று ஒருத்தன் மட்டும் கேட்டான். சிலர் வெறும் சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் குழாயடியில் வரிசையாகக் கையை அலம்பிவிட்டு, பசியோடு மெஷினுக்குத் திரும்பிப் போனார்கள். இருபது வருஷத்தில் என் கைச் சமையலை யாரும் கீழே கொட்டி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அண்டா அண்டாவாகச் சாக்கடையில் போயிற்று. அதற்கு முன்னால் அதை நான் பெருமாளுக்குச் சமர்ப்பித்திருந்தேன் என்பது நினைவுக்கு வந்தபோது, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன்.

காண்ட்ராக்டர் வந்தார். "துன்னு பாக்காமயா இறக்கின?"

"பழக்கமில்லை."

"இது கோயில் இல்ல நைனா. நாளைலேர்ந்து நீ வாய் வச்சுப் பாத்துதான் அண்டா வெளிய வரணும். முடியாதுன்னா சொல்லு, சாயங்கால வண்டிக்கு டிக்கெட் வாங்கித் தர்றேன்."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாய் வைத்துப் பார்த்தால் அந்த இருபது எண்ணிக்கை போய்விடும், எச்சிலைச் சமர்ப்பிக்க முடியாது. வைக்காவிட்டால் வேலை போய்விடும், திருவள்ளூரில் மூன்று பேர் என் மணியார்டருக்குக் காத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் அண்டா முன்னால் கரண்டியோடு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். பாத்திரம் தேய்க்கிற ஆள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், வேதக்காரர், ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறவர், பக்கத்துக் கிராமம். ஆலை வருவதற்கு முன்னால் அதே நிலத்தில் கூலிக்கு உழுதவர். "நீ அடுப்பு வச்சிருக்க எடம்தான் சாமி நம்ம நாத்தங்கால்" என்று ஒரு நாள் சொல்லியிருந்தார். நிலம் கொடுத்தவர்களுக்குப் பணம் கிடைத்தது, உழுதவருக்குப் பாத்திரம் தேய்க்கிற வேலை கிடைத்தது. நான் அவரை அப்போது 'நீ' என்றுதான் சொல்வேன். இப்போது எழுதும்போது அப்படி வரவில்லை.

"தள்ளு சாமி," என்றார். என் கையிலிருந்து கரண்டியை வாங்கப் போனார்.

"இரு. ஒரு நிமிஷம் இரு," என்றேன். தட்டால் மூடினேன். கண்ணை மூடினேன். இருபது எண்ணினேன். தட்டை எடுத்துவிட்டு அவருக்கு வழி விட்டேன்.

உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சிப் பார்த்தார். "உப்பு பத்தல. இன்னும் ரெண்டு கை." முந்தின நாள் பயத்தில் நான் குறைத்துப் போட்டிருந்தேன். இரண்டு கை போட்டேன். காண்ட்ராக்டர் எட்டிப் பார்த்து, "யாரோ ஒர்த்தர் வாய் வச்சா சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டார்கள்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் கோணல் எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. கூடவோ குறைவோ, சரியில்லாதது முதலில் பெருமாளுக்குப் போனது. சரிசெய்தது மனிதர்களுக்குப் போனது. முதலில் வெட்கப்பட்டேன். பிறகு, ஒரு அமாவாசையன்று கண்ணாடியில் பார்த்தபோது வலது கண் இமையும் வெளுத்திருந்தது. அன்று உப்பே போடாமல் சமர்ப்பித்தேன். வேண்டுமென்றேதான் செய்தேன். கும்பகோணம் பக்கம் உப்பில்லாமல் சாப்பிடுகிற பெருமாள் ஒருவர் இருக்கிறார், அது அவர் விருப்பம். இவருக்கு நான் கோபத்தில் வைத்தேன். சாப்பிடு, என்னை என்ன பாடு படுத்துகிறாய், இதைச் சாப்பிடு என்று மனசுக்குள் சொன்னேன். தொடர்ந்து பன்னிரண்டு நாள் அப்படி வைத்தேன். அவரோடு சண்டை போட எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு அடையாளம், ஒரு கெட்ட கனவு, அடுப்பு அணைந்துபோவது, ஏதாவது ஒன்று நடக்கும் என்று காத்திருந்தேன். தண்டித்திருந்தால்கூடக் காலில் விழுந்திருப்பேன். ஒன்றும் நடக்கவில்லை. பதிமூன்றாம் நாள் அலுத்துப்போய் உப்பு போட்டேன்.

ஒரு தடவை அந்த வேதக்காரரிடம் கேட்டேன். "உங்க சாமி எதையோ நினைச்சுத்தான் உன்னை வயல்லேர்ந்து இங்க கொண்டுவந்தார்னு நினைக்கறயா?"

அவர் அடிப்பிடித்த அண்டாவைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "எங்க கோயில்ல அப்டித்தான் சொல்றாங்கோ. ஞாயித்துக்கெழம கேக்க சொல்லோ நல்லாத்தான் கீது. திங்கக்கெழம வந்தா ஒண்ணும் பிரியல சாமி."

எனக்கு அவர்மேல் அன்று ஏற்பட்ட பிரியம் சொந்தக்காரர் யார்மேலும் ஏற்பட்டதில்லை. பிறகு அவருக்கு எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளுகிற வேலை கிடைத்தது. கூலி கூடுதல். போகிற அன்று கரண்டியைக் கழுவி என் கையில் கொடுத்தார். "இனிமே நீயே துன்னு பாத்துக்க சாமி. ஒண்ணும் ஆவாது," என்றார்.

ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மூக்குத் துண்டை அவிழ்த்து ஆணியில் மாட்டினேன். உள்ளங்கையில் சாம்பாரை ஊற்றி நக்கிப் பார்த்தேன். கொஞ்சம் குறைவாக இருந்தது, அரைக் கை போட்டேன். மறுபடி பார்த்தேன், சரியாக இருந்தது. பழக்க தோஷத்தில் தட்டை எடுத்து மூடிவிட்டேன். கண்ணை மூடினேன். யாரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நாக்கில் புளி இருந்தது. ஐந்து வரை எண்ணிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். அன்று சாப்பிட்டவர்கள், "ஐயரே, இன்னிக்கு சூப்பர்" என்றார்கள். அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை.

என் சமையல் நன்றாகிவிட்டது. மெச்சிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை, அது உண்மை. நாக்கு ஒவ்வொரு நாளும் எதையோ கற்றுக்கொண்டது. கொதிக்கும்போது வரும் உப்பு வேறு, ஆறிய பிறகு வரும் உப்பு வேறு என்று தெரிந்தது. நாற்பத்தேழு வயதில்தான் நான் சமையற்காரன் ஆனேன். அப்பா வைத்த அளவை இருபது வருஷம் அள்ளிப் போட்டவனை அப்படிச் சொல்ல முடியாது.

அடுத்த புரட்டாசியில் லீவு போட்டு ஊருக்குப் போனேன். மனைவியும் பெண்களும் வற்புறுத்தியதால் எங்கள் கோயிலுக்குப் போய், எல்லோரையும் போல வரிசையில் நின்றேன். அதற்குள் இரண்டு கையும் முழுக்க வெளுத்திருந்தன. வெள்ளையும் கறுப்புமாக இருந்தபோது உறுத்தியது, ஒரே நிறமான பிறகு பார்க்க அவ்வளவு விகாரமாக இல்லை என்று பெரியவள் சொன்னாள். பிரசாதம் கொடுத்தது என் சித்தப்பா பிள்ளை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்கோண்ணா" என்றான். புளியோதரையை என் கையில் படாமல் கொஞ்சம் உயரத்திலிருந்து போட்டான். கை அதுவாகத் தூக்கிக்கொண்டது, அவன் வேண்டுமென்று செய்யவில்லை.

தூண் ஓரமாகப் போய் நின்று வாயில் போட்டேன். போட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. உப்பு ஒரு சிட்டிகை குறைவு. புளி காய்ச்சியது போதாது, இன்னும் ஒரு கொதி வந்திருக்க வேண்டும். அது அவன் சமையல் இல்லை, என்னுடையது. நான் சொன்ன அளவைத்தான் அவன் இம்மி பிசகாமல் போட்டுக்கொண்டிருந்தான். அப்படியானால் இருபது வருஷம் நான் அவருக்கு வைத்ததும் இதுதான். அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. பொறுத்துக்கொண்டு சாப்பிட்டாரா, அல்லது திரைக்குப் பின்னால் யாரும் எதையும் சாப்பிடவே இல்லையா என்று நினைத்தேன். அந்த எண்ணத்தை இழுத்துப் பிடிக்கக்கூட நான் முயலவில்லை.

இதைச் சரிசெய்ய எனக்கு இப்போது தெரியும். மடைப்பள்ளி பத்தடியில் இருந்தது, அடுப்புப் புகை தெரிந்தது. உள்ளே விடமாட்டார்கள்.

"எப்படியிருக்கு?" என்று மனைவி கேட்டாள். அவள் தன் கையைத் தலையில் தடவிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்று அவள் இன்னும் நம்பினாள்.

"நன்னாயிருக்கு," என்று சொல்லிவிட்டு, நான் போன பிறகு கிணற்றடியில் போட்ட குழாயைத் தேடிப் போய், கையை அலம்பிக்கொண்டேன்.